போத்தல் வரிசையில் முதல் சென்சர்

வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குள் மிதவை சுவிச் போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் வீட்டில் ஒரு சென்சர் ஏற்கெனவே வேலை செய்கிறது. மிதவை கீழே இறங்கினால் கிணற்று மோட்டர் ஓடும், மேலே எழும்பினால் நிற்கும். மோட்டரை நிற்பாட்ட யாரும் நடுச்சாமத்தில் எழும்ப வேண்டியதில்லை. தொழிற்சாலை வரிசையைச் சென்சர் வைத்து ஓட்டுவதும் அடிப்படையில் இதே வேலைதான். அங்கே மெசின் ஒன்றல்ல, நாலைந்து இருக்கும். ஒன்றின் வேகத்துக்கு மற்றது காத்திருக்க வேண்டும்.

மோட்டர் வருவதற்கு முந்திய காலத்தில் எங்கள் தோட்டங்களில் துலா மிதித்து இறைத்தார்கள். ஒருவர் துலா மிதிப்பார், ஒருவர் பட்டை பிடிப்பார், இன்னொருவர் தோட்டத்தில் நின்று தண்ணீர் மாறுவார். பாத்தி நிரம்பியதும் அவர் மண்ணை வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்ப வேண்டும். அவர் பிந்தினால் வரம்பு உடையும், அதனால் சத்தம் வைப்பார்; மேலே நிற்பவர் நிதானிப்பார். மெசின்களுக்கு இந்தச் சத்தம் வைக்கத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுப்பதற்குத்தான் சென்சர்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள சிறு தொழிற்சாலைகளுக்குப் பனல், அதாவது மெசின்களை இயக்கும் மின் கட்டுப்பாட்டுப் பெட்டி, கட்டிக் கொடுப்பது என் தொழில். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றுபோன பிறகு அந்த அளவில் இடைவிடாமல் ஓடும் ஆலை எதுவும் எங்களிடம் இல்லை. இருப்பவை பெரும்பாலும் பத்து, இருபது பேர் வேலை செய்யும் இடங்கள்: நெல்லிரசம், முந்திரிகைப் பழரசம், பனம்பொருள், மிளகாய்த்தூள், குடிதண்ணீர், ஐஸ். இவற்றுக்கான வழிகாட்டல் தமிழில் கிடைப்பது குறைவு என்பதால் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு நெல்லிரச வரிசையை எடுத்துக்கொள்வோம்: கழுவிய போத்தல் வைக்கும் மேசை, நாலு குழாயுள்ள நிரப்பும் மெசின், மூடி இறுக்கும் மெசின், லேபல் ஒட்டும் மெசின், கடைசியில் பெட்டி கட்டும் மேசை. இவற்றுக்கிடையே ஒரு கொன்வேயர் பெல்ட்.

இப்படிப்பட்ட வரிசையில் வழமையாக நடப்பது இதுதான். மூடி இறுக்கும் இடத்தில் ஒரு போத்தல் சரிந்து இறுகிவிடும். பின்னால் நிரப்பும் மெசினுக்கு அது தெரியாது, தள்ளிக்கொண்டே இருக்கும். போத்தல்கள் நெரிபட்டு ஒன்று உடையும். கண்ணாடித் துண்டு எங்கே தெறித்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆகவே சுற்றவர மூடியில்லாமல் நின்ற போத்தல் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய வேதனை. முதல் சென்சரை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் அந்த இடம்தான். உற்பத்தியைக் கூட்டுவதற்கு முன்னர் உடைவதை நிறுத்துங்கள்.

படி 1: ஒரு நாள் கொப்பியோடு நில்லுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு முழு நாள் நின்று எழுதுங்கள். எந்த மெசின் நின்றது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், ஏன் என்ற நாலு விடயமும் போதும். முதலாளி சொல்லும் காரணமும் மெசினில் நிற்கும் பிள்ளை சொல்லும் காரணமும் பல வேளைகளில் வேறாக இருக்கும். பிள்ளை சொல்வதையும் எழுதுங்கள்.

பிறகு ஒவ்வொரு மெசினும் தனியாக ஓடினால் நிமிடத்துக்கு எத்தனை போத்தல் என்று கணக்கெடுங்கள். எங்கள் உதாரணத்தில் நிரப்புவது 20, மூடி இறுக்குவது 24, லேபல் ஒட்டுவது 30 என்று வைப்போம். மிக மெதுவானதன் வேகம்தான் முழு வரிசையின் வேகம். லேபல் மெசினை 40க்குக் கூட்டினாலும் பெட்டிக்குள் போவது 20தான். மெதுவான மெசினுக்கு அடுத்து வரும் மெசின்கள் கொஞ்சம் வேகமாக இருப்பது நல்லது. ஒரு தடங்கல் வந்து போத்தல் தேங்கினாலும் பிறகு அவை எட்டிப் பிடித்துவிடும்.

படி 2: கேள்வியை எழுதி, பிறகு சென்சரைத் தேர்ந்தெடுங்கள்

‘நல்ல சென்சர் ஒன்று தாங்கோ’ என்று கடையில் கேட்கக் கூடாது. ‘இந்த இடத்தில் போத்தல் நிற்கிறதா?’, ‘மூடி இருக்கிறதா?’, ‘ரசம் கழுத்துவரை வந்ததா?’ என்று ஆம், இல்லை எனப் பதில் வரும் கேள்வியாக எழுதுங்கள். ஒரு கேள்விக்கு ஒரு சென்சர்.

போத்தல் நிற்கிறதா என்பதற்குப் பெரும்பாலும் ஒளிச் சென்சர். இதில் மூன்று விதம் உண்டு. முதலாவதில் ஒரு பக்கம் ஒளி அனுப்பும் தலை, எதிர்ப்பக்கம் வாங்கும் தலை. இரண்டாவதில் ஒரே தலை, எதிரே ஒரு பிரதிபலிப்பான். மூன்றாவதில் எதிரே எதுவும் இல்லை. பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியையே அது பார்க்கும். மூன்றாவது மலிவு, பூட்டுவதும் சுலபம், ஆனால் வெறும் கண்ணாடிப் போத்தலுக்கு அதை நம்ப முடியாது. கண்ணாடி ஒளியை ஊடுருவ விடும், வளைந்த பக்கத்தில் பட்டது வேறெங்கோ போகும். வெறும் போத்தலுக்கு, ஒளிபுகும் பொருளுக்கென்றே செய்த பிரதிபலிப்பான் வகையை வாங்குங்கள். போத்தல் ஒளியைக் கொஞ்சம் குறைத்தாலே அது கண்டுபிடித்துவிடும். காசு கூடத்தான், ஆனால் இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பதில் பலனில்லை. அல்ட்ராசொனிக் சென்சருக்குக் கண்ணாடியும் தகரமும் ஒன்றுதான். ஒலி பட்டுத் திரும்புவதை மட்டுமே அது பார்க்கும். ரசம் நிரம்பிய போத்தல் ஒளியை நன்றாக மறைப்பதால் அதற்கு முதலாவது வகை போதும்.

இதை நான் பிழை விட்டுத்தான் படித்தேன். ஓரிடத்தில் மலிவான வகையைப் போட்டுப் போத்தல் எண்ண வைத்தேன். காலையில் கணக்குச் சரியாக வரும், மாலையில் பிழைக்கும். வயரை மாற்றினேன், சென்சரை மாற்றினேன், சரிவரவில்லை. மூடி போடும் இடத்தில் நின்ற தங்கச்சிதான் கண்டுபிடித்தாள்.

“அண்ணை, உது நாலு மணிக்குப் பிறகுதான் கூடக் காட்டுது.”

“ஒவ்வொரு நாளுமோ, தங்கச்சி?”

“மழை மூட்டமா இருந்தா ஒண்டும் இல்லை.”

மேற்குப் பக்கக் கதவால் சாயும் வெயில் நேரே சென்சரின் கண்ணுக்குள் விழுந்திருக்கிறது. இந்த வகைச் சென்சர்கள் சொந்த ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி அதையே தேடுபவை, சாதாரண வெளிச்சம் அவற்றைக் குழப்பாது. ஆனால் சூரியன் நேரே கண்ணில் விழுந்தால் எதுவும் செய்ய முடியாமல் திணறிவிடும். சென்சரைத் திருப்பி ஒரு தகர மறைப்புப் போட்டதும் கணக்குச் சரியாயிற்று. அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் வெயில் எந்த நேரம் எந்தப் பக்கத்தால் உள்ளே வரும் என்று முதலில் கேட்பேன்.

உலோக மூடி இருக்கிறதா என்று பார்ப்பது உலோகத்தை மட்டும் உணரும் இண்டக்டிவ் சென்சரின் வேலை. இங்கே ஏமாந்துபோக ஒரு இடம் இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் தூரம் இரும்புக்குரியது. எம் 18 அளவில் (18 மில்லிமீற்றர் விட்டம்) வழமையான ஒன்று இரும்பை 5 மில்லிமீற்றரில் பிடிக்கும். அலுமினிய மூடி என்றால் அதே சென்சர் ஏறத்தாழ 2 மில்லிமீற்றரில்தான் பிடிக்கும். போத்தல் பெல்ட்டில் கொஞ்சம் ஆடினாலே அந்த இடைவெளி தாண்டிவிடும். ஆகவே பெரிய அளவுச் சென்சர் எடுங்கள், அல்லது போத்தலை ஒரு பக்கமாக ஒதுக்கும் கம்பி வழி போடுங்கள்.

ரசத்தின் மட்டத்துக்குக் கண்ணாடிக்கு வெளியே வைத்தே பார்க்கும் கப்பசிட்டிவ் சென்சர் உண்டு. காய்ச்சும் தாங்கியின் சூட்டுக்குப் பி.டி. 100 என்ற பிளாட்டினக் கம்பி: 0 பாகை செல்சியசில் அதன் மின்தடை 100 ஓம், 100 பாகையில் 138.5 ஓம். மட்டம், அமுக்கம், சூடு போன்று ஆம், இல்லை என்று முடியாத அளவுகள் 4 முதல் 20 மில்லி அம்பியர் வரையான மின்னோட்டமாக வரும். பூச்சியத்துக்கு 4 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. வயர் அறுந்தால் 0 காட்டும். தாங்கி வெறுமையா, வயர் அறுந்ததா என்று மெசினே பிரித்தறியும்.

படி 3: எங்கள் ஊர்க் காற்றுக்கும் தண்ணீருக்கும் ஏற்றதாக வாங்குங்கள்

கழுவுகிற இடத்தில் ஐ.பி. 67க்குக் குறைந்த சென்சர் வேண்டாம். அது தண்ணீரில் சிறிது நேரம் மூழ்கினாலும் தாங்கும் தரம். கடற்கரையை அண்டிய இடமென்றால் சாதாரண இரும்பு ஆணிகள் உப்புக் காற்றில் கறள் பிடித்து, பிறகு கழற்ற வராது. துருப்பிடிக்காத எஃகு ஆணிக்குக் கொடுக்கும் காசு வீணில்லை.

எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக் கல், கிணற்றுத் தண்ணீர் வன்தண்ணீர். கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படிவது சென்சரின் கண்ணிலும் படியும். கழுவிய தண்ணீர் தெறித்துக் காய, கண் மெல்ல மெல்ல மங்கும். சென்சர் ஒரே நாளில் பழுதாவதில்லை. சில கிழமைகளில் இடைக்கிடை பிழைக்கத் தொடங்கும். அதுதான் ஆட்களை அலைக்கழிக்கும். ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்த துணியால் ஒற்றுங்கள். படிவு ஏற்கெனவே இருந்தால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற விடுங்கள், கத்தியால் சுரண்ட வேண்டாம். தண்ணீருக்குள் கம்பி விட்டு மட்டம் பார்க்கும் சென்சர்களுக்கும் இந்தப் படிவு ஏறும், ஏறினால் தண்ணீர் இருந்தும் இல்லை என்று சொல்லும்.

பனல் பெட்டிக்குக் கீழே கேபிள் நுழையும் ஓட்டைகளை இறுக்கமாக அடையுங்கள். இனிப்பு இருக்கிற இடத்துக்கு எறும்பு வரும், எறும்புக்குப் பின்னால் பல்லி வரும். பல்லி மின்முனைகளுக்கு நடுவே கிடந்து கருகியதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

படி 4: மின்சாரமும் வயரும்

சென்சர்களுக்கு 230 வோல்ட் நேரே கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். 24 வோல்ட் டி.சி. தரும் ஒரு பவர் சப்ளை பனலுக்குள் இருக்கட்டும். ஈரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அதுவே பெரிய பாதுகாப்பு.

மூன்று வயர்ச் சென்சரில் மண்ணிறம் 24 வோல்ட், நீலம் 0, கறுப்பு சைகை. இந்த நிறங்கள் உலகம் முழுவதும் பெரும்பாலும் ஒன்றேதான். வாங்கும்போது பி.என்.பி.யா, என்.பி.என்.னா என்று கேளுங்கள். பி.என்.பி. வகை, பொருளைக் கண்டதும் கறுப்பு வயரில் 24 வோல்ட் தரும். என்.பி.என். வகை கறுப்பு வயரை 0உடன் இணைக்கும். வரிசை முழுவதும் ஒரே வகையாகப் போடுங்கள். என் விருப்பம் பி.என்.பி. காரணம் இது: என்.பி.என். போட்ட இடத்தில் கறுப்பு வயர் உரசி மெசின் உடம்பில் பட்டால், ‘போத்தல் இருக்கிறது’ என்று பொய்ச் சைகை போகக்கூடும். பி.என்.பி.யில் அப்படிப் பட்டால் சைகை இல்லாமல் போகும், வரிசை நிற்கும். பொய் சொல்லி ஓடுவதைவிட நிற்பது நல்லது.

பூட்டிய பிறகு பி.எல்.சி.யில் (மெசின்களுக்குக் கட்டளை கொடுக்கும் சிறு கம்ப்யூட்டர், படி 5இல் வரும்) கொழுவ அவசரப்படாதீர்கள். மல்டிமீற்றரை நீலத்துக்கும் கறுப்புக்கும் இடையில் பிடித்து, கையால் போத்தலை நகர்த்திப் பாருங்கள். 24, 0, 24 என்று மாற வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புரோகிராமில் பிழை தேடி நாட்களைத் தொலைத்தவர்கள் பலர்.

சென்சர் வயரையும் மோட்டர் வயரையும் ஒரே குழாய்க்குள் இழுக்காதீர்கள். மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அதன் வயர் சுற்றாடலுக்கு மின் இரைச்சலைக் கொட்டும். சென்சர் வயர் அதை வாங்கிப் போத்தல் என்று எண்ணும். 4–20 மில்லி அம்பியர் சைகைக்கு உலோக வலை சுற்றிய கேபிள் போடுங்கள், அந்த வலையைப் பனல் பக்கத்தில் மட்டும் நிலத்தொடுப்போடு இணையுங்கள். நிலத்தொடுப்பையே அளந்து பாருங்கள். கல் மேலாக இருக்கும் காணிகளில் நிலக்கம்பி ஆழமாய் இறங்கியிருக்காது, கோடையில் மண் காய்ந்தால் இன்னும் மோசம். இடி மின்னல் காலத்துக்கு வருகிற லைனில் ஒரு மின்னெழுச்சித் தடுப்பான் கட்டாயம் வேண்டும்.

படி 5: பி.எல்.சி.

சென்சர்கள் சொல்வதைக் கேட்டு மோட்டர்களுக்குக் கட்டளை கொடுப்பது பி.எல்.சி. 1968இல் அமெரிக்காவில், கார்த் தொழிற்சாலைகளில் சுவர் நிறைய ரிலே (மின்னால் இயங்கும் சுவிச்) அடுக்கி வயர் மாற்றி மாற்றிக் களைத்த காலத்தில் பிறந்த யோசனை இது. ரிலேப் படம் வாசிக்கத் தெரிந்த எலக்ட்ரீசியனுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே ஏணி போன்ற வரைபடத்தில் எழுதும் முறையை வைத்தார்கள். ஆகவே கம்ப்யூட்டர் படித்தவர்தான் எழுத வேண்டும் என்று பயப்பட வேண்டாம். மோட்டர் ஸ்டாட்டர் கட்டத் தெரிந்த பொடியனுக்கு முதல் புரோகிராம் ஒரு கிழமையில் பிடிபடும்.

எங்கள் வரிசைக்கு எட்டு அல்லது பன்னிரண்டு உள்ளீடுள்ள சிறிய பி.எல்.சி. போதும். பழகுவதற்கு ஆர்டுயினோ என்ற சிறு எலக்ட்ரொனிக் பலகை நல்லது, நானும் அதில்தான் பழகினேன். ஆனால் பணம் சம்பாதிக்கும் வரிசையை அதன் கையில் கொடுக்காதீர்கள். மோட்டருக்கு மின் கொடுக்கும் பெரிய சுவிச்சான கொன்டக்டர் அடிக்கும்போது எழும் மின் இரைச்சலில் அது உறைந்துபோகக்கூடும். பழைய பி.எல்.சி. வாங்கினால் புரோகிராம் எழுதும் மென்பொருளும் கேபிளும் சேர்ந்து கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் வாங்கியது வெறும் பெட்டி.

படி 6: மெசின்களை ஒன்றோடொன்று பேசவைப்பது

இந்தப் படிதான் உயிர். கணக்கோடு பார்ப்போம்.

பெல்ட் செக்கனுக்கு 15 சென்ரிமீற்றர் ஓடுகிறது, போத்தலின் விட்டம் 7 சென்ரிமீற்றர் என்று வைப்போம். ஒரு போத்தல் ஒளிக்கற்றையைக் கடக்க ஏறத்தாழ அரைச் செக்கன். மூடி இறுக்கும் மெசினுக்கு முன்னால் ஒரு சென்சர் வைத்து, ஒளி இரண்டு செக்கனுக்கு மேல் மறைந்திருந்தால் ‘போத்தல் தேங்கிவிட்டது’ என்று எடுத்து நிரப்பும் மெசினை நிறுத்தலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும்.

அப்படிப் போட்டால் வரிசை காரணமில்லாமல் நின்று நின்று ஓடும். ஏனென்றால் நாலு குழாயுள்ள மெசின் நாலு போத்தலை ஒரே நேரத்தில் விடுகிறது. அவை ஒட்டி ஒட்டி வந்தால் 28 சென்ரிமீற்றர், கடக்க ஏறத்தாழ 1.9 செக்கன். ஒரு போத்தல் கொஞ்சம் வழுக்கிப் பிந்தினால் இரண்டு செக்கன் தாண்டிவிடும். தேக்கமே இல்லாமல் தேக்கம் என்று சொல்லும். நேரத்தை 4 செக்கனாக வைத்தால் இந்தக் கரைச்சல் இல்லை.

அடுத்தது இடம். நிரப்பும் மெசினை நடு நிரப்பில் நிறுத்தக் கூடாது; குழாய்க்குக் கீழே நிற்கும் நாலும் முடித்து வெளியே வரவேண்டும். எங்கள் மெசின் 12 செக்கனுக்கு ஒரு தடவை நாலு போத்தல் விடுகிறது. தேங்கியதை உணரும் அந்த 4 செக்கனுக்குள் ஒரு நாலும், நிறுத்தச் சொன்ன பிறகு இன்னொரு நாலும் வரலாம். ஆகவே அந்தச் சென்சருக்கும் நிரப்பும் மெசினுக்கும் இடையில் எட்டுப் போத்தல் நிற்க இடம் வேண்டும்: 56 சென்ரிமீற்றர். நான் 60க்குக் குறைய விடமாட்டேன். இந்த இடைவெளி இல்லாமல் என்ன சென்சர் போட்டாலும் போத்தல் நெரியும். பெல்ட் நீளம் போதாது என்றால் முதலில் பெல்ட்டை நீட்டுங்கள்.

சென்சரின் உயரத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. போத்தல்கள் ஒட்டி நிற்கும்போது உடம்பு மட்டத்தில் இடைவெளி தெரியாது, கழுத்து மட்டத்தில் தெரியும். ஆகவே தேக்கம் பார்க்கும் சென்சரை உடம்பு மட்டத்தில் வையுங்கள். எண்ணும் சென்சரைக் கழுத்து மட்டத்தில் வையுங்கள். இதை மாறி வைத்துவிட்டுச் சென்சரைக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நிறுத்தியாயிற்று, எப்போது திரும்ப ஓடவிடுவது? ஒளி தெரிந்த அந்தக் கணமே ஓடவிட்டால் மெசின் விட்டுவிட்டு இழுபடும். தண்ணீர்த் தாங்கி மிதவையை நினையுங்கள். ஒரு விரற்கடை குறைந்தவுடன் மோட்டர் ஓடாது, நன்றாக இறங்கிய பிறகுதான் ஓடும். அதேபோல மூடி மெசினுக்குக் கிட்ட இரண்டாவது சென்சர் ஒன்றை வைத்து, அங்கே போத்தல் குறைந்த பிறகே நிரப்பும் மெசினை எழுப்புங்கள். ஒரு சென்சர்தான் வாங்க வசதி என்றால், ஒளி 5 செக்கன் தொடர்ந்து தெரிந்த பிறகு ஓடவிடுங்கள்.

ஒவ்வொரு மெசினும் பக்கத்து மெசின்களுக்கு மூன்று செய்தி சொன்னால் போதும்: ‘நான் தயார்’, ‘நான் வேலையில்’, ‘எனக்குப் பழுது’. ‘தயார்’ என்பதை மின் இருக்கும் சைகையாக வையுங்கள், மின் இல்லாததாக வேண்டாம். அப்போது வயர் அறுந்தாலும் பியூஸ் போனாலும் ‘தயார் இல்லை’ என்றே அர்த்தமாகி வரிசை நிற்கும். ஒவ்வொரு காத்திருப்புக்கும் எல்லை வையுங்கள்: மூடி மெசின் தயார் என்கிறது, நிரப்பும் மெசின் ஓடுகிறது, ஆனால் 30 செக்கனாகப் போத்தல் வரவில்லை என்றால் எங்கோ விழுந்து கிடக்கிறது. மஞ்சள் விளக்கை எரியவிட்டு மணி அடிக்கட்டும்.

பழுது கண்டதும் மெசின் தானாக நிற்க வேண்டும் என்ற எண்ணம் பி.எல்.சி.க்கும் முந்தியது. ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924இல் முடித்த தறியில், ஒரு நூல் அறுந்தாலே தறி நின்றுவிடும். அதனால் ஒரு ஆள் பல தறிகளைப் பார்க்க முடிந்தது. நெசவுத் தறியில் செய்ததைத்தான் போத்தல் வரிசையில் செய்கிறோம்.

மூடியில்லாத போத்தலை ஒதுக்குவதிலும் பலர் இடறுவார்கள். பார்க்கும் சென்சரிலிருந்து தள்ளும் கை 90 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால், ‘6 செக்கன் கழித்துத் தள்ளு’ என்று எழுதத் தோன்றும். இடையில் பெல்ட் நின்றால் அந்த 6 செக்கனில் வேறு போத்தல் தள்ளுப்படும். நேரத்தை எண்ணாமல் பெல்ட் ஓடிய தூரத்தை எண்ணுங்கள். இதற்கென்று சுழற்சியை அளக்கும் என்கோடர் வாங்க வேண்டுமென்றில்லை. பெல்ட் உருளையின் பற்சில்லுக்கு எதிரே ஒரு இண்டக்டிவ் சென்சர் வைத்தால் பல் ஒவ்வொன்றும் ஒரு துடிப்பு. ஒரு பல்லுக்குப் பெல்ட் 2 சென்ரிமீற்றர் நகர்ந்தால், 45ஆவது துடிப்பில் தள்ள வேண்டும். பெல்ட் நின்றால் எண்ணிக்கையும் நிற்கும்.

படி 7: கையும் உயிரும்

அவசர நிறுத்தப் பட்டன், மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் தலை, ஆள் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அது மோட்டர் கொன்டக்டரின் மின்னை நேரே வெட்ட வேண்டும். பி.எல்.சி.யின் ஒரு உள்ளீடாக மட்டும் கொடுத்துவிட்டுப் புரோகிராமை நம்பக் கூடாது. புரோகிராம் உறைந்தாலும், சென்சர் பிழைத்தாலும், பட்டனை அடித்தால் நிற்க வேண்டும்.

போத்தல் பார்க்கும் சாதாரணச் சென்சரை ஆளின் கையைக் காக்க வைக்காதீர்கள். அது பழுதானால் ‘கை இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கலாம். கைக்கென்று தன்னைத் தானே சோதிக்கும் பாதுகாப்புச் சென்சர்கள் தனியாக உண்டு. அதற்கு வசதியில்லாத இடத்தில் கம்பி வலைக் கூடும் கதவுச் சுவிச்சும் போடுங்கள். இறுகிய போத்தலை எடுக்கும்போது பிரேக்கரை இறக்கிப் பூட்டுப் போடும் பழக்கத்தை முதல் நாளே கொண்டுவாருங்கள். இதில் எந்த முதலாளியோடும் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

கரண்ட் போய் வருவது எங்களுக்குப் பழகியது. போன கரண்ட் திரும்ப வரும்போது வரிசை தானாக ஓடத் தொடங்கக் கூடாது. அந்த நேரம் யாராவது உள்ளே கை விட்டு ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பார்கள். ஸ்டாட் பட்டனை ஒருவர் திரும்ப அமத்தினால்தான் ஓடும்படி கட்டுங்கள்.

படி 8: தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள்

முதல் ஓட்டம் தண்ணீரில் இருக்கட்டும், ரசம் வேண்டாம். பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சென்சரின் வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, வரிசை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். கண்ணைத் துணியால் மறையுங்கள். போத்தலைச் சரித்து வையுங்கள். பிரதான சுவிச்சை நடு ஓட்டத்தில் இறக்கி ஏற்றுங்கள். இவை எல்லாவற்றிலும் வரிசை நின்றால் அல்லது சத்தம் வைத்தால் மட்டும் ரசத்தை விடுங்கள்.

ஓடத் தொடங்கி ஒரு மாதத்துக்குள் யாராவது ஒரு சென்சரின் கண்ணில் டேப் ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். கோபிக்க வேண்டாம். அந்தச் சென்சர் அவர்களுடைய வேலையை எங்கோ தடுக்கிறது. பக்கத்தில் இருந்து கேளுங்கள். பெரும்பாலும் நேரத்தை ஒரு செக்கன் கூட்டினால் அல்லது சென்சரை நாலு விரல் தள்ளி வைத்தால் தீர்ந்துவிடும். இந்த வேலையால் ஆட்களைக் குறைக்கப் போகிறார்களோ என்ற பயமும் இருக்கும். நான் வேலை செய்த இடங்களில் மெசினைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் தரம் பார்க்கவும் பெட்டி கட்டவும் மாறினார்கள். முதலாளி அதை முதல் நாளே வாய் திறந்து சொல்லிவிட்டால், வரிசையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

எண்ணிக்கைகளைக் கம்ப்யூட்டரில் பார்க்கும் ஆசை பிறகு வரும். வரிசை ஒழுங்காக மூன்று மாதம் ஓடிய பின் செய்யுங்கள். மெசின்கள் தரவு பரிமாறுவதற்கு 1979இலிருந்து இருக்கும் மொட்பஸ் முறையே போதும். இரண்டு வயரில் நூற்றுக்கணக்கான மீற்றர் தூரம் போகும். லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் தடை போட மறக்க வேண்டாம்.

பழக விரும்பும் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியும், கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் கிட்ட இருக்கின்றன. ஒரு பவர் சப்ளை, ஒரு சென்சர், ஒரு ரிலே, ஒரு விளக்கு என்று மேசையில் வைத்து வீட்டிலேயே தொடங்கலாம். போத்தலை நகர்த்த விளக்கு எரிந்தால் பாதி படித்தாயிற்று.

கடைசியாக, பனல் கதவின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று பொருள் வையுங்கள்: வயர்ப் படம், ஒவ்வொரு சென்சரும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தமிழில் எழுதிய தாள், புரோகிராமின் பிரதி உள்ள ஒரு பென்டிரைவ். வயரின் இரு முனையிலும் ஒரே இலக்கம் ஒட்டுங்கள். அதிகம் பயன்படும் சென்சரில் ஒன்று மேலதிகமாக அலுமாரியில் இருக்கட்டும். கொழும்பிலிருந்து ஒன்று வந்துசேரும் வரைக்கும் நெல்லி காத்திருக்காது.